மறுமணம் செய்தால் கணவர் சொத்தில் பங்கு போய்விடுமா?

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

வயது 39. கணவர் ஸ்பின்னிங் மில் தொழிலாளி. 2019இல் மாரடைப்பில் இறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மகன் எட்டாம் வகுப்பு. மாமனார் தோட்டத்திலேயே தனியாக ஓர் ஓட்டு வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது மணி ஆகிவிடும். ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி வரும் வேனில்தான் போக வர.

அந்த வேன் அதை ஓட்டுகிறவருக்கே சொந்தம். கம்பெனிக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். வயது 44. மெயின் ரோட்டில் இறங்கினால் தோட்டத்துக்கு இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) நடக்க வேண்டும், விளக்குக் கிடையாது. "நான் வாசல் சேர்ற வரைக்கும் ஹெட்லைட்டைப் போட்டுட்டு நிப்பாருங்க. ஒரு வருசம் பூரா ஒரு வார்த்தை பேசினதில்லை" என்று எழுதியிருக்கிறார் சகோதரி. பேச்சு பிறகுதான் வந்திருக்கிறது. ஒருநாள் ஒரு முழம் மல்லிகை வாங்கி வேனுக்குள் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார், ஐந்து வருடத்துக்குப் பிறகு. இறங்குவதற்கு முன்னால் எடுத்து டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடிவிட்டார். அன்று பாத்திரம் கழுவியது மகள். அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கம்பெனியில் டிபன் பாக்ஸைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் செலோ டேப்பில் ஒரு ஹேர்பின் ஒட்டியிருந்ததாம்.

இப்போது கொழுந்தனாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேன் ஓட்டுகிறவர் வேறு சாதி. "அவனை உசிரோட விடமாட்டேன்" என்று கொழுந்தனார் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். மாமனார் சத்தம் போடவில்லை. "போறதுன்னாப் போ. இடத்தை எழுதிக் குடுத்துட்டு, புள்ளைங்களை உட்டுட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் ஒரு நாளைக் குறித்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். இடம் என்பது கணவர் 2014இல் தன் சம்பாத்தியத்தில் தன் பெயரில் வாங்கிய ஐந்து சென்ட்.

"தாலி மாறுனா புருசன் சொத்துல பாத்தியதை இல்லைன்னு எல்லாருஞ் சொல்றாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு மானத்தோட போயிடலாம்னு பாக்கறேன். பி.எஃப். பென்ஷனும் நின்னு போயிருமாங்க? இந்த வயசுல இது தப்பாங்க மேடம்?" என்பதோடு கடிதம் முடிகிறது.

சகோதரி,

முதலில் ஒன்று. அந்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். வெற்றுப் பத்திரத்திலோ வெள்ளைத்தாளிலோ, "சும்மா ஒரு சாட்சிக்கு" என்று நீட்டுகிற எதிலுமோ கையெழுத்துப் போடாதீர்கள். காரணம் கேட்டால், "வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றனுங்க மாமா" என்பது போதும். சண்டை வேண்டாம், தேதியைத் தள்ளிப்போட்டால் போதும்.

மானத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்துப் பத்திர நகலோடு வந்து உட்காரும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள். மிரட்டினார்கள், ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். பத்திரத்திலோ "பூரண சம்மதத்துடன், தொகை பெற்றுக்கொண்டு" என்று உங்கள் கையெழுத்துக்கு மேலேயே எழுதியிருக்கும்.

பங்கு யாருக்கு, எவ்வளவு?

உங்கள் ஊரில் "எல்லாரும்" சொல்வதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1856ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்த இந்து விதவைகள் மறுமணச் சட்டம், மறுமணத்தைச் செல்லும் என்று சொன்ன அதே கையோடு, மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்தில் இருந்த உரிமை போய்விடும் என்றும் சொன்னது. அந்தச் சட்டம் 1983இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் கணவர் வழியில் பெண்ணுக்கு வரும் பங்கை அவளுடைய முழு உரிமைச் சொத்தாக்கிவிட்டது. சட்டம் போய் நாற்பது வருடம் தாண்டியும் ஊர்த் திண்ணையில் அது உயிரோடு இருக்கிறது.

உங்கள் கணவர் இறந்த அந்த நிமிடமே உங்கள் பங்கு உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2019இல் வந்ததை, இனி நீங்கள் செய்யும் திருமணம் திருப்பி எடுத்துக்கொள்ளாது.

அந்த ஐந்து சென்டுக்கு வாரிசுகள் நான்கு பேர்: நீங்கள், மகள், மகன், உங்கள் மாமியார். ஆளுக்குக் கால் பங்கு, அதாவது ஒன்றேகால் சென்ட். மாமனாருக்கு அதில் பங்கில்லை; முதல் வகுப்பு வாரிசுகள் இருக்கும்போது தகப்பனாருக்கு வராது. கொழுந்தனாருக்கும் இல்லை. எழுதிக் கொடு என்று கேட்கும் இருவருக்குமே அந்த இடத்தில் ஒரு அடி கூடக் கிடையாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களிடம் போய்ச் சொல்லிக் காட்டச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டால் உங்களுக்குக் கை நடுங்காது.

பிள்ளைகளின் பங்கை அவர்களுக்காக நீங்கள் எழுதிக் கொடுக்கவும் முடியாது. மைனர் சொத்தை இயற்கைக் காப்பாளரான தாயே மாற்றிக் கொடுப்பதானாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்தால் பிள்ளைகள் மேஜரானபின் அதை எதிர்க்கலாம். இது மாமனாருடன் வருகிற பத்திர எழுத்தருக்கும் தெரியும். அதனால் இன்னொன்றைக் கவனியுங்கள். உங்கள் மகளுக்கு இன்னும் சில மாதங்களில் 18 நிறைகிறது. அன்றுமுதல் அவள் கையெழுத்து அவளுடையது. "அப்பாரு (தாத்தா) கேக்கறாரு, ஒரு கையெழுத்துப் போடு கண்ணு" என்று அவளிடம் நேராகப் போவார்கள். இப்போதே அவளிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

தோட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது மாமனார் தன் உழைப்பில் வாங்கியதா, வழிவழியாக வந்ததா என்பதைப் பொறுத்தது. மூலப் பத்திரத்தையும், பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதன் நகலையும் பார்க்காமல் யாரும் பதில் சொல்லக் கூடாது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் கணவருக்கு அதில் பிறப்பால் ஒரு பங்கு உண்டு, உங்கள் மகளுக்கும் மகனைப் போலவே உண்டு. மாமனார் சுயமாகச் சம்பாதித்ததாக இருந்தால் அவர் காலம் வரை அது அவருடையது. அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இப்போதைக்கு வில்லங்கச் சான்று ஒன்று போட்டு வைத்துக்கொண்டு தோட்டத்துப் பேச்சை விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் கையில் எடுத்தால், கிடைக்கக்கூடியதும் சிக்கலாகிவிடும்.

இங்கே உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதம் முழுக்க அவர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், "அத்தை ஒண்ணும் பேசறதில்லை" என்று. அவரும் உங்களைப் போலவே அந்த இடத்தின் பங்குக்காரர். உங்களிடம் கேட்கும் அதே கையெழுத்தை அவரிடமும் கேட்பார்கள், அல்லது ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். மகனைப் பறிகொடுத்தவர். பேரன் பேத்தியும் போய்விடுவார்களோ என்ற பயத்தில்தான் வாயடைத்திருக்கிறாரோ என்னவோ. ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, "புள்ளைங்களை உங்ககிட்ட இருந்து பிரிக்க மாட்டனுங்க அத்தை" என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். சட்டத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. ஆனால் என் அனுபவத்தில், வருடக்கணக்கில் இழுக்க வேண்டிய எத்தனையோ பாக வழக்குகள் அடுப்படியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதால் வராமலே போயிருக்கின்றன.

அந்த இருபது ரூபாய்ப் பத்திரம்

இப்போது நீங்கள் அதிகம் கவலைப்படாமல் கடந்து போன ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிய கவலை.

வேன் ஓட்டுகிறவரின் மனைவி எட்டு வருடத்துக்கு முன் பிரிந்து போய்விட்டார், தாராபுரம் பக்கம் வேறொருவரோடு குடும்பமாக இருக்கிறார், ஊர்ப் பெரியவர்கள் கூடி இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதித் "தீர்த்துவிட்டார்கள்", ஆகவே அவர் தனியாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, சட்டத்தின் கண்ணில் அவர் இன்றும் அந்த அம்மாவின் கணவர்தான். நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும், இருதரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த அம்மா வேறு குடும்பமே நடத்தினாலும் முதல் திருமணம் தானாக முறிந்துவிடாது. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துவிடுவதை இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு, இடைவிடாமல் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அந்தப் பாரத்தை நம்பி உங்கள் வாழ்க்கையை வைக்க வேண்டாம்.

இந்த நிலையில் தாலி கட்டினால் அந்தத் திருமணம் செல்லாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் அவர்மீது இரு தார வழக்கு வரலாம், ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அவரைவிட உங்களுக்குத்தான் இழப்பு அதிகம். மனைவி என்ற அந்தஸ்து இருக்காது. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால் வேனிலோ வீட்டிலோ பங்கு கேட்க முடியாது. கொழுந்தனார் கையில் இதைவிடப் பெரிய ஆயுதத்தை நீங்கள் கொடுத்துவிட முடியாது.

வழி கடினமானதல்ல. அந்த அம்மாவும் சம்மதித்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்திருக்க வேண்டும் என்பது எப்போதோ நிறைவேறிவிட்டது. மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். நீண்ட காலமாகப் பிரிந்திருந்து, சேர வழியே இல்லை என்று தெரிந்தால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. சம்மதிக்கவில்லை என்றால், இரண்டு வருடத்துக்கு மேல் கைவிட்டுப் போனதைக் காரணம் காட்டி அவர் தனியாக வழக்குப் போடலாம், நாளாகும். அந்த அம்மாவுக்கும் தன் இரண்டாவது வாழ்க்கையைச் சட்டப்படி ஆக்கிக்கொள்ள இது தேவை என்பதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் சம்மதம் வரும் என்று நம்புகிறேன்.

தீர்ப்பு வந்தபின் மேல்முறையீட்டுக்கான 90 நாளும் கழியட்டும். அதற்குள் மகளின் பொதுத்தேர்வும் முடிந்திருக்கும். காத்திருக்கிறாரா, வழக்குச் செலவுக்கும் வாய்தாவுக்கும் முகம் சுளிக்காமல் வருகிறாரா என்று பார்க்க உங்களுக்கும் ஒரு அவகாசம்.

அவருடைய வேன் டியூவுக்காக மகளிர் குழுவில் அறுபதாயிரம் கடன் எடுத்துக் கொடுத்ததை, ஏதோ குற்றம் செய்ததுபோல அடைப்புக்குள் எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் குழுக் கூட்டத்துக்கு முந்தின நாளே தவணைப் பணத்தை அவர் உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதராகத் தெரிகிறார். ஆனாலும் அடுத்த மாதத்திலிருந்து ஜிபேயில் போடச் சொல்லுங்கள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு தடயம் இருக்கட்டும். அன்பாக இருக்கிறவர்கள் கணக்கு வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குழுவில் கடன்காரர் நீங்கள். தவணை நின்றால் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

பென்ஷன்

ஆமாம், மறுமணம் செய்தால் உங்கள் பெயரில் வரும் பி.எஃப். குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். அதை மறைக்கவும் கூடாது. மறுமணம் செய்யவில்லை என்று வருடா வருடம் நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள். பொய்யாகக் கொடுத்து வாங்கினால் பிறகு மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள்.

ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். இப்போது உங்களுக்கு வருவது முழுத் தொகை, பிள்ளைகளுக்கு அதில் ஆளுக்கு 25 சதவீதம். உங்கள் பென்ஷன் நின்றதும் பிள்ளைகளின் பென்ஷன் ஆளுக்கு 75 சதவீதமாக உயரும். குறைந்தபட்சத் தொகையையே எடுத்துக்கொண்டால் இன்று உங்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 250 வீதம் 500, ஆக 1,500 ரூபாய். நாளைக்கு உங்களுக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கு 750 வீதம் அதே 1,500. அவர்களுக்கு 25 வயது ஆகும் வரை இது வரும். திருமணப் பதிவுச் சான்றிதழ் கையில் வந்த உடனே பி.எஃப். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

வேண்டாம். தகப்பனார் இறந்தபின் இயற்கைக் காப்பாளர் தாய்தான், தாத்தா அல்ல. மறுமணம் அந்த உரிமையைப் பறிக்காது. மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயின் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், பிள்ளையின் குடும்பப் பெயரைக்கூடத் தாயே முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறது. மாமனார் காப்பாளர் மனுப் போட்டாலும் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலன் ஒன்றைத்தான். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி அறைக்குள் கூப்பிட்டு அவனையே கேட்பார்.

அதனால்தான் மகனைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன். மகளுக்குத் தெரியும், தெரியும் என்பதை அந்த ஹேர்பின்னில் சொல்லிவிட்டாள். மகன் சித்தப்பா வாயிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. பதின்மூன்று வயதுப் பையன் அப்பாரின் செல்லம், தோட்டத்து மாடு கன்று என்று வளர்ந்தவன். கோபப்படுவான், சில நாள் பேசாமல் இருப்பான். படட்டும். "புது அப்பா" என்று எதையும் அவன்மேல் திணிக்காதீர்கள். பள்ளிச் சான்றிதழில் அவன் தகப்பனார் பெயர் மாறாது, லீவுக்கு ஆத்தா (பாட்டி) வீட்டுக்குப் போகலாம், இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மிரட்டலை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்

"கோவத்துல சொல்றதுதாங்க, செய்ய மாட்டாரு" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் உங்கள் நம்பிக்கையை நான் ஏற்கமாட்டேன். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்த இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. செய்ய மாட்டார்கள் என்று அங்கேயும் யாரோ நினைத்திருப்பார்கள்.

கொழுந்தனார் என்ன வார்த்தை சொன்னார், எந்தத் தேதி, யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனில் வந்தால் அழிக்காதீர்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்வோருக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இலும், பாதுகாப்பு இல்லமும் காவலும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இலும் உத்தரவிட்டிருக்கின்றன. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கல்யாணத் தேதி முடிவானபின் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டாம். வேன் ஓட்டுகிறவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும், மனுவில் அதைக் குறிப்பிட வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. அவரிடமும் சொல்லுங்கள், இனி இட்டேரி முனையில் தனியாக வேனை நிறுத்திக் காத்திருக்க வேண்டாம். கூட வேலை செய்கிற ஒருத்தியையாவது உங்களோடு இறங்கி வரச் செய்யுங்கள், அல்லது மகனை டார்ச்சோடு வரச் சொல்லுங்கள்.

இரவோடு இரவாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஒரு நொடியும் யோசிக்காதீர்கள், போங்கள். அப்படி இல்லாதவரை இருங்கள். நீங்கள் வாழ்ந்துவந்த வீட்டிலிருந்து சட்ட நடவடிக்கை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவரை இழந்த மருமகளுக்கும் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. மகளுக்கு மார்ச்சில் தேர்வு.

எங்கே, எப்படிக் கல்யாணம்?

சிவன்மலைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ள ஆசை, ஆனால் கல்யாணச் சீர் நடத்தி வைக்கும் அருமைக்காரர் வரமாட்டார், சீர் எதுவும் செய்ய முடியாது, அதனால் அது கல்யாணமே ஆகாதாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சீர் நம் பக்கத்து வழக்கம். திருமணம் செல்லுமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்காக 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ யாராவது முன்னிலையில், ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். சாதி வேறாக இருப்பது தடையே இல்லை. கோயிலில் என்றால் உங்கள் கணவரின் இறப்புச் சான்றிதழும் அவருடைய விவாகரத்துத் தீர்ப்பும் கேட்பார்கள், எடுத்துப் போங்கள். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் அதில் 30 நாள் அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். உங்களைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த 30 நாள் போதும். இருவரும் இந்துக்கள் என்றால் முதல் வழியே உங்களுக்கு ஏற்றது.

"இந்த வயசுல இது தப்பாங்க?"

இல்லைங்க. வக்கீலாக மட்டும் சொல்லவில்லை. உங்கள் கணவர் படத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்து மனசு கனத்துப்போனது. அவர் இருந்தவரை நல்லபடியாக வாழ்ந்தீர்கள், போனபின் அவர் பிள்ளைகளை ஒன்றரை ஷிப்ட் நின்று வளர்த்தீர்கள். அவருக்கு நீங்கள் எந்தக் கடனும் வைக்கவில்லை. இருபத்தெட்டு வயதில் மனைவியை இழந்த ஒரு ஆணுக்கு, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பெண் பார்க்கக் கிளம்பிவிடுகிற ஒரம்பரை (உறவு) சனம், ஒரு பெண் ஐந்து வருடம் கழித்து ஒரு முழம் பூ வைப்பதைக் குற்றமாகப் பார்ப்பது அநியாயம். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை அமையாமல் போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. சில வீடுகள் வராது, அதை மறைக்கமாட்டேன். தாய் மறுமணம் செய்தாள் என்பதைச் சாக்காக்குகிற வீட்டில் அவள் போய் வாழவும் வேண்டாம். அவளை முதலில் கல்லூரிக்கு அனுப்புங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், 2014ஆம் வருடக் கிரயப் பத்திரம், பட்டா, பி.எஃப். பென்ஷன் ஆணை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மகளுக்கும் உங்கள் அம்மாவுக்கும் அனுப்பிவிட்டு, அசலை அம்மா வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். கிரயப் பத்திர அசல் மாமனார் பீரோவில் இருந்தால் கவலை இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். அடுத்து, திருப்பூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். லீவு போட முடியாவிட்டால் 15100க்கு போன் செய்யுங்கள். போகும்போது அவரையும் வரச் சொல்லுங்கள், தனித்தனியாக. அந்தப் பஞ்சாயத்துப் பத்திரத்தின் அசலும், அவருடைய முதல் கல்யாணப் பத்திரிகையும் கையில் இருக்கட்டும். விவாகரத்து மனுவுக்கு முதலில் கேட்பது அதைத்தான்.